மூன்றாவது கத்தல்

ஏதென்ஸ் சந்தையில் உப்புமீன் விற்கிறவன் தைசியாஸ். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் வாடை போகாது. ஆனால் குரல் நல்ல குரல். அதனால்தான் டயோனிசஸ் சாமி திருவிழா நாடகத்தில், பாட்டுக்குழுவில் அவனுக்கும் ஓர் இடம் கிடைத்தது. குழுவில் எல்லோருக்கும் கிழவன் முகமூடி. ஊர்ப் பெரியவர்கள் வேஷம்.

"முகமூடிக்குள்ளயும் நாறுதேடா," என்பான் பக்கத்தில் நிற்கும் ஒனேத்தோர்.

"மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் பாடு. இப்ப நீ பாடுறதுக்கு அது தேவலை."

தைசியாஸின் மச்சினன் கிளைனிஸும் அந்த நாடகத்தில்தான் இருந்தான். யார் கண்ணிலும் படமாட்டான். அரண்மனை என்று பேர் பண்ணின மரக்கட்டடத்துக்குள் சக்கரப் பலகையைத் தள்ளுவது அவன் வேலை.

சாவை ஜனங்கள் முன்னால் நடத்திக் காட்டும் வழக்கம் அந்த ஊர் நாடகத்தில் இல்லை. ராஜா கதவுக்குள் போவான். உள்ளேயிருந்து இரண்டு தடவை கத்துவான். வெளியே கிழவர்கள், போகலாமா வேண்டாமா என்று ஆளுக்கொரு வரி பேசுவார்கள். ஒருத்தனும் போகமாட்டான். பிறகு கதவு திறக்கும். பிணம் சக்கரப் பலகையில் வெளியே வரும்.

அன்று ராஜா உள்ளே போனான். முதல் கத்தல் வந்தது. இரண்டாவதும் வந்தது. குழல்காரன் மூச்சை இழுத்தான்.

அப்போது மூன்றாவதாக ஒன்று கேட்டது.

அதில் தாளம் இல்லை. அது ராஜாவின் குரலும் இல்லை. தைசியாஸுக்கு அது தெரிந்த குரல். சந்தையில் வண்டிமாடு மிதித்தபோது கிளைனிஸ் இப்படித்தான் கத்தினான்.

கூட்டம் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தது. இதுவும் நாடகம் என்றே நினைத்தது. குளிர்காலம் முழுக்கக் குழுவுக்குச் சோறு போட்ட செல்வந்தர் முன்வரிசையில் முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை கலைந்தால் போட்டியில் பரிசு போச்சு. கலைத்தவனை எந்தக் குழுவிலும் சேர்க்கமாட்டார்கள்.

"உள்ள கிளைனிஸ்," என்றான் தைசியாஸ், உதடு அசையாமல்.

"நகராத. உன் வரியச் சொல்லு," என்று பல்லைக் கடித்தான் ஒனேத்தோர்.

உள்ளே மரம் கிறீச்சிட்டது. பிறகு ஒரு முனகல். வரி ஒவ்வொருவராகத் தாண்டி தைசியாஸிடம் வந்தது.

"நான் சொல்கிறேன், கதவை உடைத்து உள்ளே போவோம்!"

ஒத்திகையில் இதைச் சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறான். இன்று சொல்லி முடிப்பதற்குள் கால் கதவைத் தொட்டிருந்தது.

"டேய், திரும்புடா!" ஒனேத்தோர் சீறினான்.

உள்ளே ஒரே இருட்டு. சக்கரம் தடம் விலகி, பலகை கிளைனிஸின் காலைத் தூணோடு சேர்த்து நசுக்கியிருந்தது. ராஜாவாகப் போனவனே அடுத்துத் தூதுவனாக வரவேண்டும். அந்த முகமூடியைப் பாதி மாட்டியபடி பலகையின் விளிம்பைத் தூக்கத் திணறிக்கொண்டிருந்தான்.

"வந்தியா! பிடி, பிடி!"

"மச்சான், கால் போச்சு மச்சான்..."

"வாய மூடு. ஜனம் கேக்குது. நான் தூக்கினதும் இழுத்துக்க."

தூக்கினான். கால் வெளியே வந்தது. இடுப்புத் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். வெளியே கிழவர்களுக்கு வரிகள் தீர்ந்துவிட்டன. குழல்காரன் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தான்.

"தள்ளு மச்சான்," என்றான் கிளைனிஸ், முகம் வெளுத்து. "பொணம் வெளிய போகணும்."

இருவரும் சக்கரத்தைத் தடத்தில் ஏற்றினார்கள். கதவு திறந்தது. பலகையில் வைக்கோல் அடைத்த ராஜா பொம்மை. அதைத் தள்ளியபடி, அங்கியில் முழங்கால்வரை ரத்தத்தோடு ஓர் ஊர்க்கிழவன்.

அரங்கமே ஓவென்று அழுதது. கிழவன் போனதுதான் போனான், பிந்திப் போனானே என்று அழுதது.

பரிசு வேறு குழுவுக்குப் போனது. செல்வந்தர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "யாரைக் கேட்டு உள்ள போனே?"

"வசனத்துலயே இருந்துச்சுங்க. போவோம்னு சொன்னேன், போனேன்."

அதற்குப் பிறகு தைசியாஸை யாரும் குழுவில் சேர்க்கவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா, தாங்கித் தாங்கி நடக்கும் கிளைனிஸோடு மேல்வரிசைப் பலகையில் போய் உட்காருவான். மேடையில் ராஜா உள்ளே போவான். இரண்டாவது கத்தல் வந்ததும் தைசியாஸ் பாதி எழுந்துவிடுவான்.

"உக்காருய்யா," என்று மேலாடையைப் பிடித்து இழுப்பான் கிளைனிஸ். "நான் இங்கதான இருக்கேன்."