ஒரு கோடு மருந்து

என் வீட்டுக்காரரின் வலிக்கு மதுரை டாக்டர் இரண்டு மருந்து கொடுத்திருந்தார். ஒன்று மார்பின் மாத்திரை. இன்னொன்று அந்த மார்பினையே தடுக்கிற மருந்து. அதைத் தண்ணீராகக் கரைத்து ஆஸ்பத்திரியிலேயே சின்ன பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார்கள்.

"தடுக்கிறத எதுக்கு சார் சேத்துக் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

துளியளவு சேர்த்தால் சிலருக்கு மார்பின் இன்னும் நன்றாகக் கேட்கும், எல்லாருக்கும் கேட்காது, பார்க்கலாம் என்றார். ஊசியில்லாத சிரிஞ்சில் ஒரு கோடு. அதற்கு மேல் கூடவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் அவருக்கு இடுப்புக்குக் கீழே வெந்துவிட்டது. புண் ஆறி ஒரு வருஷம் ஆகியும் எரிச்சல் அடங்கவில்லை. இரண்டு மருந்தும் சேர்ந்த பிறகுதான் பத்து நாள் உட்கார்ந்து சாப்பிட்டார். பதினோராவது நாள் விடாத மழை. காலையிலிருந்தே முனகல்.

நானும் அதே கம்பெனியில் மத்தாப்பு வேலை பார்த்தவள்தான். மழைக்காலத்தில் பட்டாசு மருந்து நமத்துவிடும், வெளிச்சம் குறையும். கூட ஒரு பிடி அள்ளிப் போட்டுச் சரிக்கட்டுவோம். இந்தப் பாட்டிலும் மழைக்கு நமத்துவிட்டது என்று என் புத்தியில் பட்டது. ஏற்கெனவே தண்ணீராக இருப்பது எப்படி நமக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பாழாய்ப்போன அவசரம். பாதி பாட்டிலை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டார். உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது. பிறகு கத்த ஆரம்பித்தார். வெடித்த அன்றுகூட அவர் அப்படிக் கத்தியதில்லை.

"ஏத்தா, அந்த மாத்திரையக் குடு! ரெண்டாக் குடு!"

அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கியே விட்டேன். என்ன தோன்றியதோ, மதுரை ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"அக்கா, இப்ப மார்பின் குடுத்துராதீக! தடுக்கிற மருந்து எறங்கினதும் எல்லாம் மொத்தமா ஏறி மூச்சு நின்னுரும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!"

பிதுக்கிய மாத்திரையையும் அட்டையையும் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். "செத்த பொறுத்துக்கோங்க" என்றேன். ஆட்டோவில் போகிற வழி முழுக்க அவர் என்னைத் திட்டாத திட்டில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் பேனாவைத் திறந்து, "எவ்வளவு குடிச்சார்?" என்று கேட்டார். கட்டிலில் துடித்துக்கொண்டிருந்த மனுஷன் முந்திக்கொண்டார்.

"நாந்தான் சார், ரெண்டு கோடு கூட எடுத்துட்டேன். அவளுக்குத் தெரியாது."

டாக்டர் எழுதப் போனார். ரெண்டு கோடுதான் கூட என்று எழுதினால் அதற்குத் தக்க வைத்தியம்தான் நடக்கும். என்னைக் காப்பாற்றப் போய் இவர் செத்துவிடுவார்.

"பொய் சொல்றாக சார். பாதி பாட்டில். நாந்தான் ஊத்திக் குடுத்தேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு நர்சைக் கூப்பிட்டார். விரலில் ஒயரை மாட்டி, மறுநாள் வரை மூச்சைக் கவனித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்றாம் நாள், மதுரை டாக்டரிடம் பேசிவிட்டு, மருந்தைத் திரும்ப ஆரம்பித்தார்கள். நர்ஸ் ஒரு கோடு எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"நீங்களே குடுங்கம்மா."

"வீட்டுக்கு வந்து நர்சம்மாவா குடுப்பாக? நீயே குடு" என்று அவர் வாயைத் திறந்தார்.

நான் சிரிஞ்சை அமுக்கியதில் ஒரு சொட்டு அவர் தாடையில் விழுந்தது.

"போகட்டும். அதுக்குன்னு இன்னொன்னு ஊத்திராத" என்று சிரித்தார். நான் அவர் நெஞ்சில் முகத்தை வைத்து ஓவென்று அழுதேன்.