நூற்றிருபது பாலன்

பிரேமினியின் வேலைக்கொட்டிலில், அவள் குந்தியிருந்து வேலை செய்யும் மெஷினுக்கு நேரெதிரே, பத்திரிகையிலிருந்து வெட்டிய படம் ஒன்று தொங்குகிறது. மழை ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலைக்கும் ஆணி அடித்து வைத்திருக்கிறாள். படத்தின் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பவர் கோகுலன், அவளுடைய பெரியப்பாவின் மகன். அவர் கையில் மரத்தில் வெட்டிய ஒரு சம்மனசு, கிறிஸ்மஸ் தேவதூதர், சிறகு விரித்தபடி. ஓரத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பவள் பிரேமினி. "தமது கைவண்ணத்தில் உருவான நத்தார் பரிசுகளுடன் கலைஞர் கோகுலன். அருகில் உதவியாளர்" என்று கீழே அச்சாகியிருக்கிறது.

இதை ஏன் வைத்துக் கும்பிடுகிறாய் என்று அவள் புருஷன் பார்த்தீபன் ஒருநாள் கேட்டான். இதைப் பார்த்துக்கொண்டு வெட்டினால் தனக்குக் கை நடுங்காது என்றாள் அவள். பாப்பாமோட்டையில் வயல் செய்கிறவன் பார்த்தீபன். மழையோடும் பூச்சியோடும் மல்லுக்கட்டவே அவனுக்கு நேரம் போதாது. மனுஷரோடு கறுவிக்கொண்டு இருப்பது வீண்வேலை என்பது அவன் கட்சி. பிரேமினியின் கட்சி வேறு. நன்மை செய்தவரை அவள் மறந்தாலும் மறப்பாள், கெடுதி செய்தவரின் சட்டை நிறம்கூட அவளுக்கு மறக்காது. அவளைச் சாந்தமான பொம்பிளை என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை, அவளும் அதற்காகக் கவலைப்பட்டதில்லை.

யுத்தம் முடிந்து முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலத்தில் பெண்களுக்குத் தொழில் பழக்க ஒரு நிறுவனம் வந்தது. மற்றவர்கள் தையலுக்கும் கேக் போடுவதற்கும் பெயர் கொடுத்தார்கள். பலகையில் உருவம் வெட்டும் ஸ்க்ரோல் வாள் மெஷின் வகுப்பில் கதிரை காலியாகக் கிடந்தது, பிரேமினி போய் இருந்தாள். ஊசி மாதிரி மெல்லிய அலகு நின்ற இடத்தில் மேலும் கீழும் துள்ளும். அலகு இடம் மாறாது, பலகையைத்தான் திருப்பவேண்டும். உள்ளே ஒரு கண்ணோ சிறகின் இடுக்கோ வெட்டவேண்டுமானால், முதலில் துளை போட்டு, அலகைக் கழற்றி, துளைக்குள் கோத்து, மறுபடி இறுக்கவேண்டும். ஒரு சம்மனசுக்கு இருபத்தாறு தடவை அப்படிக் கோக்கவேண்டும். பொறுமை இல்லாதவளுக்கு இந்த வேலை எப்படிப் பிடித்தது என்று கேட்டால், கோபக்காரிக்குத்தான் அவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியும் என்பாள்.

கோகுலனுக்கு முருங்கன் றோட்டில் தளபாடக் கடை. யன்னல், அலுமாரி, கட்டில் எல்லாம் செய்விப்பார். ஸ்க்ரோல் வாளில் ஒரு நேர்கோடுகூட அவருக்கு வராது. எட்டு வருஷம் பிரேமினி அவருடைய பின்னறையில் இருந்து நத்தாருக்கு நட்சத்திரமும் கலைமானும் சம்மனசும் வெட்டினாள். படம் கீறுவதும் அவள், வெட்டுவதும் அவள், பின்பக்கத்தில் 'கோகுலன்' என்று சுட்டு எழுதுவதும் அவள்தான். அவளுக்கு அதில்கூட மனத்தாங்கல் இருக்கவில்லை. பத்திரிகைக்காரர் வந்த அன்று, மூலையில் தூசியோடு நின்றவளைக் காட்டி, இந்தப் பிள்ளை யார் என்று கேட்டார். கோகுலன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"உது சாண்ட்பேப்பர் தேய்க்கிற பிள்ளை."

அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விட்டாள். இரண்டு பசுவை விற்று, பழைய மெஷின் ஒன்று வாங்கி, தகரக் கொட்டில் போட்டாள். அவள் கீறிய படங்கள் அடங்கிய பைலை மட்டும் கோகுலன் கொடுக்கவில்லை. கடையின் சொத்தாம்.

தனியே வந்த முதல் வருஷம் அவள் புதிதாகப் பாலன் குடில் ஒன்று, யேசு பிறந்த தொழுவக் காட்சி, வெட்டினாள். மரியாள், சூசை, மாடு, இடையர். ஒட்டகத்துக்குப் பதில், மன்னார் பஸ் நிலையத்தில் எப்போதும் நிற்கிற இடக்காது கிழிந்த கழுதையை அப்படியே வைத்தாள். தீவனத்தொட்டியையும் அதற்குள் கிடக்கும் பாலனையும் ஒரே துண்டாக வெட்டியிருந்தாள். மன்னார்த் தீவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் அமிர்தநாயகம் மாஸ்டர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோனாள். அவர் அங்குள்ள கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபைச் செயலாளர். எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பார்த்து ரசித்தவர், தொட்டியில் வந்து நின்றுவிட்டார்.

"பிள்ளை, பாலன் பிறக்கிறது இருபத்திநாலாம் திகதி நடுச்சாமப் பூசைக்குத்தான். அதுமட்டும் தொட்டி வெறுமையாய்க் கிடக்கவேணும். உது பிறக்க முதலே பிறந்த பிள்ளையெல்லோ."

பிரேமினிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சின்ன வயசிலிருந்து எத்தனை வேதக்கார வீடுகளுக்கு நத்தாருக்குப் போயிருப்பாள். போவது எப்போதும் இருபத்தைந்தாம் திகதி, கேக் சாப்பிட. அதற்குள் பாலன் தொட்டிக்கு வந்து படுத்துவிடுவார். வெறும் தொட்டியை அவளோ அவளுடைய சைவச் சொந்தங்களோ கண்டதே இல்லை. அவள் வீடு வந்து பாலனைத் தனியே வெட்டி, சின்னத் துணிப்பையில் போட்டு, குடிலை மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தாள். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். பிறகு அந்த வெட்கமே அவளுக்குக் கைகொடுத்தது.

இந்த வேலையில் ஒரு தொல்லை இருக்கிறது. படம் கீறிய தாளைப் பலகையில் ஒட்டித்தான் வெட்டவேண்டும்; பலகையோடு தாளும் துண்டு துண்டாகப் போய்விடும். ஆகவே ஒரு படத்துக்குப் பத்து இருபது போட்டோக்கொப்பி வேண்டும். அவள் கொப்பி அடிப்பது மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில். அங்கே மெஷினில் நிற்பவன் யதுசன், கோகுலனின் மனைவியின் தம்பி. போன வருஷம் அவள் மீன் வடிவில் ஒரு நட்சத்திரம் கீறிக் கொப்பி எடுத்தாள். ஒரு கிழமையில் அதே மீன் கோகுலனின் கடைக் கண்ணாடிக்குள் தொங்கியது. அவள் கேட்கும் கொப்பிகளோடு அந்த மெஷின் ஒன்று கூடுதலாக அடிக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. சண்டைக்குப் போகவில்லை. கடையையும் மாற்றவில்லை.

இந்த ஆவணியில் அமிர்தநாயகம் மாஸ்டர் பிரேமினிக்குப் போன் எடுத்தார். கோயிலில் மறைக்கல்வி படிக்கும் பிள்ளைகள் நூற்றிருபது பேருக்கு ஆளுக்கொரு குடில், நத்தாருக்கு நாலு கிழமை முந்திய திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு கொடுப்பதாம். தான் அவளுடைய பெயரைத்தான் சொன்னதாகவும், ஆனால் பங்குத்தந்தை இடத்துக்குப் புதியவர், பத்திரிகையில் பார்த்த கோகுலனைக் கூப்பிட்டுக் கேட்டார் என்றும், கோகுலன் கொண்டுவந்து காட்டிய சம்மனசைப் பார்த்து மயங்கி அவருக்கே ஓடரைக் கொடுத்துவிட்டார் என்றும் சங்கடப்பட்டுச் சொன்னார். இருபத்தாறு துளை போட்ட சம்மனசு. அவள் கையால் வெட்டியது, அவளுடைய ஓடரையே தட்டிப் பறித்துக்கொண்டு போய்விட்டது.  அன்று பிரேமினி சமைக்கவில்லை, பார்த்தீபன் பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டான்.

அடுத்தநாள் அவள் பழைய தாளை எடுத்தாள். காது கிழிந்த கழுதை, மாடு, மரியாள், சூசை, எல்லாம் அப்படியே. தொட்டியை மட்டும் முதல் வருஷம் செய்த மாதிரியே, பாலனோடு ஒட்டிய ஒரே துண்டாக, மெனக்கெட்டு அழகாகக் கீறினாள். நல்ல சேலை உடுத்து மன்னாருக்குப் போனாள். இது கோயிலுக்குக் காட்டப் போகிற புதுப் படம், ஒருத்தர் கண்ணிலும் படக்கூடாது என்று யதுசனிடம் இரண்டு தரம் சொன்னாள். அவன் தலையாட்டிய வேகத்திலேயே காரியம் முடிந்தது என்று தெரிந்துகொண்டாள்.

உண்மையான படத்தை அவள் கொப்பிக்கடைப் பக்கமே கொண்டுபோகவில்லை. காபன் தாள் வைத்துக் கையாலேயே முப்பது தரம் பிரதி எடுத்தாள். மெல்லிய பலகை நாலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டுநாடா சுற்றி, ஒரே வெட்டில் நாலு குடில். அப்படி நூற்றிருபது. ஓடரும் இல்லை, கேட்டவரும் இல்லை. தொட்டி வெறுமையாய் இருக்கவேண்டும் என்று கோகுலனுக்கு யாராவது ஒருவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், நூற்றிருபது குடிலும் அவள் கொட்டிலுக்குள் கறையானுக்குத்தான். வீட்டில் இருந்த பலகை முழுவதும் முடிந்து, நெல் விற்ற காசிலும் பலகை வந்தது. பார்த்தீபன் பொறுத்துப் பார்த்து, உனக்கு விசரா என்று கேட்டான். ஓம் என்றாள்.

ஐப்பசியில் கோகுலனே வந்தார். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் அவள் வெட்டியதையெல்லாம் தறப்பாளால் மூடினாள். அவர் கொட்டிலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, சுவரில் இருந்த படத்தையும் பார்த்து, அதை அவள் பெருமையாக மாட்டி வைத்திருப்பதாக நினைத்துச் சிரித்தார். பெரிய ஓடர் கிடைத்திருக்கிறது, தேய்க்க ஆள் போதாது, பழசை மறந்து வரட்டாம். கொழும்பிலிருந்து வெட்டுகிற ஒருவனைப் பிடித்திருக்கிறாராம். பைக்குள் இருந்து ஒரு துண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். தொட்டியும் பாலனும்.

"பார், ஒரே துண்டு. சின்னனுகள் பாலனைத் துலைக்க ஏலாது. எப்பிடி?"

பிரேமினி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். அண்ணன் முறையானவர், சின்ன வயசில் சைக்கிளில் ஏற்றித் திருக்கேதீஸ்வரத் திருவிழாவுக்குக் கொண்டுபோனவர். அது அவளுக்கு ஞாபகம் வந்தது, வராமல் இல்லை. துண்டின் பின்பக்கத்தில் 'கோகுலன்' என்று சுட்டிருந்ததும் கண்ணில் பட்டது.

"நல்ல வடிவாயிருக்கு அண்ணா" என்றாள்.

அவர் போன பிறகு பார்த்தீபன் தறப்பாளைத் தூக்கி எண்ணிப் பார்த்தான். எண்பது குடில் வழுவழுவென்று தயாராக இருந்தன. நாற்பது சிலும்பு சிலும்பாகக் கிடந்தன. மிச்சத்தைத் தேய்க்கவில்லையா, நாள் கிடக்கிறதே என்றான். அது அப்படியே கிடக்கட்டும், தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

முதல் ஞாயிறுக்கு முந்திய வெள்ளி பகல், கோகுலனின் லொறி கோயில் மண்டபத்தில் பெட்டிகளை இறக்கியது. மாஸ்டர் முதற்பெட்டியைத் திறந்தார். கழுதையின் காதைப் பார்த்தார். தன் வீட்டு அலுமாரிக்கு மேல் நிற்கிற அதே காது. பிறகு தொட்டியைப் பார்த்தார். பங்குத்தந்தையும் பார்த்தார். இதை எப்படியப்பா பிள்ளைகளுக்குக் கொடுப்பது, பாலன் இப்பவே வந்து கிடந்தால் நாலு கிழமை அவர்கள் எதைக் காத்திருப்பது என்று பங்குத்தந்தை கோகுலனிடம் மெதுவாகத்தான் கேட்டார். கோகுலனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பெட்டிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போய், பாலனைத் தனியே வெட்டி எடுக்கச் சொன்னார். கொழும்பு ஆள் இருபது தொட்டியில் வெட்டிப் பார்த்தான். பத்தொன்பது பாலனுக்குக் கால் முறிந்தது. முறிந்த பாலனைக் கோயிலுக்குக் கொண்டுபோகிற தைரியம் அவருக்கு இல்லை.

பின்னேரம் மாஸ்டர் பாப்பாமோட்டைக்கு வந்தார். ஞாயிறுக்குள் ஏதாவது வழியுண்டா என்று கேட்டார். பிரேமினி தறப்பாளை இழுத்தாள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். ஆசிரியராக இருந்தவர், அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும்.

"நூற்றிருபதும் கிடக்கு மாஸ்டர். நாற்பது தேய்க்கவேணும். எனக்குத் தனிய ஏலாது. கோகுலன் அண்ணையை நாளைக்கு வரச்சொல்லுங்கோ. அவர் வந்தால் தாறன்."

சனி காலை கோகுலன் வந்தார். வேறு வழி இல்லை. வாக்குக் கொடுத்தது அவர், பிள்ளைகளின் கை வெறுமையாகப் போகக்கூடாது என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். பிரேமினி பலகைக் கட்டை ஒன்றை இழுத்துப் போட்டு, சாண்ட்பேப்பர் தாளை நாலாகக் கிழித்து ஒரு துண்டை அவர் கையில் கொடுத்தாள். அவர் குந்தினார். மரத்தூசி வெள்ளைச் சட்டையிலும் மீசையிலும் படிந்தது. மாட்டைத் தேய்த்தார், இடையரைத் தேய்த்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் 'பிரேமினி' என்று சுட்டிருந்தது, அதிலும் தூசி தட்டவேண்டியிருந்தது. பத்தாவது தொட்டியில் கையை நிறுத்தினார்.

"உனக்கு அண்டைக்கே தெரியும், என்ன?"

"ஓம். தெரியும்."

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, பிரேமி."

அவள் கையில் இருந்த சாண்ட்பேப்பரைக் கீழே வைத்தாள். எதிரே இருந்த படத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"பேப்பர்க்காரர் கேக்கேக்கை நீங்களும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அண்ணா."

அவர் தொட்டியைத் திருப்பிப் பிடித்தார். தேய்த்தார்.

மதியம் குடில்களை ஏற்ற மாஸ்டர் வந்தார். கூடவே பங்குப் பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒரு மறைக்கல்வி ஆசிரியை, தீவுக்குப் புதிதாக வந்த சின்னப் பெண். பிரேமினியைக் குடில்களுக்கு நடுவில் நிற்கவைத்து, கழுதையைக் கையில் கொடுத்து இரண்டு படம் எடுத்தாள். பெயர், ஊர், எத்தனை வருஷ அனுபவம் எல்லாம் எழுதிக்கொண்டாள். மூன்றாவது படத்தில் ஓரத்தில் குந்தியிருந்தவரும் வந்துவிட்டார். பாதி முகம். கீழே எழுதவேண்டுமே, இந்த ஐயா யார் என்று அவள் கேட்டாள்.

கோகுலன் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் வெளியே லொறியைப் பார்க்கத் தொடங்கினார். வாசலில் நின்ற பார்த்தீபன், வேண்டாம் என்பதுபோலத் தலையை அசைத்தான்.

பிரேமினி கழுதையின் கிழிந்த காதில் இருந்த தூசியை ஊதினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இவரோ? இவர் சாண்ட்பேப்பர் தேய்க்க வந்தவர்."

அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். மார்கழி இதழில் அப்படியே அச்சாகியும் வந்தது. பிரேமினி அதை வெட்டி, உறை போட்டு, பழைய படத்துக்குப் பக்கத்தில் நாலு ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள்.