நோன்புக்கு முன் கேட்ட மன்னிப்பு

செல்வி அக்கா, கிரேக்கக்காரி ஒருத்தி, பொத்தான் தைக்கும் ஹெய்ட்டிக்காரர். மொன்ட்ரியால் தையல் தொழிற்சாலையில் இந்த மூன்று பேருக்கும் முன்னால்தான் யூத முதலாளி என்னைக் கள்ளி என்றார். காணாமற்போன கத்தரிக்கோல் பிறகு அவருடைய மேசைக்குள்ளேயே கிடந்தது.

அடுத்த கிழமை யூதர்களுடைய பெரிய நோன்பு. பிழை செய்த ஆளிடம் முதலில் மன்னிப்புக் கேட்காவிட்டால் நோன்பு செல்லாதாம். முதலாளி என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். செல்வி அக்கா மட்டும் கூட நின்று மொழிபெயர்த்தார்.

“எல்லாருக்கும் முன்னால சொன்னவர், அங்கை வந்து கேக்கட்டும்” என்றேன்.

“விசரி, வேலை போயிடும். ஓமெண்டு சொல்லு!” என்றார் அக்கா.

“போனால் போகட்டும். நான் சொன்னதைச் சொல்லுங்கோ அக்கா.”

முதலாளி வெளியே வந்து மெஷின்களை நிறுத்தச் சொன்னார். எல்லோருக்கும் கேட்க மன்னிப்புக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

ஊரில் எங்கள் வீட்டை எரித்தவர்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தான். இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்டு வந்தவர் இந்த முதலாளி ஒருவர்தான்.