மாடிக்குப் போன டிபன் பாக்ஸ்

என் கணவர் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுப் போனார்கள். அதற்கப்புறம் இந்த மனிதரை என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதல் வாரம் வந்துபோகிறவர்களோடு ஓடிவிட்டது. அதன்பின் அடங்கிவிட்டார். குளிக்கப் பதினொரு மணி ஆகும். சட்டையை மாற்றச் சொன்னால், யார் பார்க்கப்போகிறார்கள் என்பார். சமையலறைக்குள் வந்து என் பருப்பு டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிய நாளில் சண்டையே போட்டேன். ஆனால் ஒரு மத்தியானம், அணைந்து கிடந்த டிவிக்கு முன்னால் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எரிச்சல் போய்ப் பயம் வந்துவிட்டது. இப்படியே ஆள் ஒடுங்கிப்போய்விடுவாரோ என்று பயந்தேன்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான், கிரிவலம். தினமும் மலை சுற்றச் சொல்லுங்கள் என்றார்கள். இரண்டு நாள் சுற்றினார். மூன்றாம் நாள் வீங்கிய முழங்காலுக்கு நான்தான் தைலம் தேய்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு சுவாரசியத்தில் என் கை பழக்கதோஷத்தில் சாம்பார் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் டிபன் பாக்ஸில் வைத்து மூடி, ஸ்கூட்டர் சாவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது. பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேலையில்லாத மனிதரைக் குத்திக்காட்டியது போல் ஆகிவிட்டதே என்று எடுக்கப் போனேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். போய்க் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்.

அங்கே தண்ணீர் டேங்க் நிழலில் மலையைப் பார்த்து உட்கார்ந்து, பேப்பர் படித்து, ஒரு மணிக்குத் திறந்து சாப்பிட்டிருக்கிறார். ஆபீஸ் நாட்களில் செய்வது போலவே பாக்ஸைக் கழுவி, ஐந்தே முக்காலுக்கு என்னிடம் கொடுத்தார். மறுநாளும் கட்டினேன். பிறகு தொட்டியில் கீரை போட்டார். பட்டா மனு எழுதித் தரச் சொல்லித் தெருக்காரர்கள் மாடி ஏற ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக மாட்டார், லீவாம்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். எழுந்தால் தலை சுற்றியது. இன்றைக்கு பாக்ஸ் இல்லையென்றால் மறுபடியும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாரே என்பதுதான் எனக்குக் கவலை. சமையலறையில் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குளித்து, சட்டை மாட்டி, கையில் இரண்டு பாக்ஸோடு வந்தார். ஒன்றை என் தலைமாட்டில் வைத்தார்.

"ரசம் சாதம். உப்பு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். ஒரு மணிக்குத் தொற. நானும் அப்பதான் மேல தொறப்பேன்."

இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒருவர் கட்டிவைத்த சாப்பாடு அதுதான் முதல். நானே அன்றைக்குத்தான் அதை நினைத்துப் பார்த்தேன். அழுகை வந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்து, சரியாக ஒரு மணிக்குத் திறந்தேன். உப்பு ஜாஸ்திதான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு பாக்ஸைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன்.