பிறையைக் கண்டும் நோன்பு பிடித்தவர்

அதிகாலைச் சுபஹுத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சாலிஹ் மாமா இறந்துவிட்ட செய்தியைச் சொன்னபோது நான் பாடசாலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உம்மா அடுப்பை அணைத்தார். வாப்பா கையிலிருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றார். மாமாவோடு அவர் கதைக்காமல் விட்டு ஒரு வருடமாகப் போகிறது.

எங்கள் ஊரான எத்தாளையில் மாமாவின் தேத்தண்ணிக் கடையை அறியாதவர்கள் இல்லை. தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர் அவர். வயதில் மூத்தவர் என்பதால் வாப்பா அவரைக் காக்கா என்பார். பக்கத்துக் கடையில் இந்தியப் படம் ஓடும்போது, மாமாவின் கடையில் அரச தொலைக்காட்சியில் அமைச்சர்கள் நாடா வெட்டிக்கொண்டிருப்பார்கள். "இந்தப் பெட்டியில திகதி மட்டும்தான் உண்மை" என்பார் வாப்பா.

ஒருநாள் செய்தியில், வெளியேற்றப்பட்டவர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள் என்று சொன்னார்கள். வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "காக்கா, நீங்க மன்னாருக்குப் போயிட்டீங்களாம். அப்ப இந்தத் தேத்தண்ணியப் போட்டது யாரு?"

கடை முழுவதும் சிரித்தது. மாமாவும் சிரித்தார். ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்கு அதே செய்தியைத்தான் போட்டார். ஏன் என்று கேட்டேன். "சந்தியில கதை சொல்றவன் நாளைக்கு நான் சொல்லல்ல எண்டு போயிடுவான் மகள். செய்தி வாசிக்கிற இவர் நாளைக்கும் இதே முகத்தோட வந்து நிக்கவேணும்" என்றார். எனக்கு அது சரியான விடையாகத் தோன்றவில்லை.

போன வருடம் நோன்பு இருபத்தொன்பது அன்று மாலை, வாப்பாவும் மாமாவும் பிறை பார்க்கக் கடற்கரையில் நின்றார்கள். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். வாப்பா விரலை நீட்டினார். மாமா கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "ஓம்" என்றார். நானும் அந்த விரலின் திசையில் பார்த்தேன். எனக்கு மேகம்தான் தெரிந்தது.

கடைக்குத் திரும்பியபோது உட்காரக் கதிரை இல்லை. அரச தொலைக்காட்சியை நம்பாதவர்களும் பிறைச் செய்திக்கு அங்கேதான் வருவார்கள். எங்கும் பிறை தென்படவில்லை, நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்யவும் என்று அறிவித்தார்கள். பெருநாளில் நோன்பு பிடிப்பது ஹராம். ரமழானில் நோன்பை விடுவதும் பாவம். எது பிழைத்தாலும் பிழைதான்.

"ரெண்டு பேர் கண்டம். பள்ளிக்குப் போய்ச் சாட்சி சொல்லுவம், வாங்க காக்கா" என்றார் வாப்பா. தனி ஒருவரின் பேச்சை ஏற்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"கண்டது உண்மைதான் தம்பி. ஆனா நான் வரல்ல. நாளைக்கு நாடு முழுக்க நோன்பு."

"அப்ப உங்கட கண்ணை விட இந்தப் பெட்டி பெரிசா?"

பிறை பெட்டிக்குள்ளே வந்தால்தான் காக்காவுக்குத் தெரியும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். வாப்பா வெளியே போனார்.

மறுநாள் வாப்பா தனியாகப் பெருநாள் சாப்பாடு சாப்பிட்டார். நோன்போடு இருந்த உம்மாதான் அதைச் சமைத்துக் கொடுத்தார். மாலை அஸர் தொழுகைக்குப் பின் நான் மாமாவிடம் போனேன். பூட்டிய கடைவாசலில், வறண்ட உதட்டோடு இருந்தார்.

"தொண்ணூறில ஆளுக்கொரு கதை சொன்னாங்க. ஒருத்தர் ஒரு கிழமையில திரும்பலாம் எண்டார், இன்னொருத்தர் திரும்பவே ஏலாது எண்டார். எல்லாரும் ஒண்டாக் கேக்க ஒரு குரல் இருக்கல்ல."

"எல்லாரும் ஒண்டாக் கேக்கிறது பிழையா இருந்தா, மாமா?"

"அது எனக்கும் விளங்கல்ல மகள்."

இன்று ஜனாஸாத் தொழுகைக்கு முன் மாமாவின் மகன், தன் வாப்பாவில் யாருக்கும் மனக்குறை இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்டாராம். எங்கள் வாப்பா மாமாவை அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே உம்மாவிடம் சொன்னார். "மன்னிச்சிட்டேன் எண்டு முதல்ல சொன்னது நான்தான். ஆனா கண்டது கண்டதுதான்."

"அதைத்தானே அவரும் சொன்னார்" என்றார் உம்மா.

வாப்பா தண்ணீர்க் குழாயை மூட மறந்து அப்படியே நின்றார்.

கடை நிறைந்த ஆட்கள் முன்னால் மாமா உண்மையைச் சொன்னதையும், மறுநாள் அதற்கு மாறாக நோன்போடு இருந்ததையும் நான் ஒன்றாகவே வைத்திருக்கிறேன். ஒன்று மற்றதைப் பொய்யாக்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வருடம் பிறை பார்க்க வாப்பா என்னையும் கூப்பிட்டிருக்கிறார். பக்கத்தில் இன்னொரு கண் வேண்டுமாம். கண்டால் கண்டேன் என்று சொல்வேன். அதற்கு மறுநாள் என்ன செய்வேன் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.