மேட்டில் விட வேண்டிய இடைவெளி

முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றுவிடுமோ என்று பயந்து இடைவெளி விடுவது இன்றைய டிரைவர்களின் வழக்கம். மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் எங்களுக்கு வேறு பயம் இருந்தது. முன்னால் போகிற லாரி எங்களை நோக்கிப் பின்னால் வந்துவிடும்.

பெட்ரோல் கிடையாது. லாரியோடு ஒரு பெரிய டிரம்மைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினோம். சமதரையில் ஓடும், மேட்டில் மூச்சு வாங்கும். பிரேக் எண்ணெய்க்குப் பதில் விளக்கெண்ணெய். அந்த பிரேக்கை நம்ப முடியாது. எஞ்சின் நின்றால் கெலிண்டான், அதாவது லாரி உதவியாள், கீழே குதித்துப் பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். அதுவரை லாரி உருண்டுகொண்டே இருக்கும். அதற்கான இடத்தைப் பின்னால் வருகிறவன் விட வேண்டும்.

ஒருநாள் புக்கிட் செலம்பாவ் தோட்டத்து ஆட்களைச் செமிலிங் பக்கம் ராணுவ வேலைக்கு ஏற்றினார்கள். ஆட்கள் இருந்த முன் லாரியை காதர் அண்ணன் ஓட்டினார். பின்னால் என் லாரியில் மரக்கட்டைகள். ஏற்றப்பட்டவர்களில் என் மனைவி செல்லம்மாவும் ஒருத்தி. உள்ளே இடம் இருந்தும், லாரியின் பின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

என் பக்கத்தில் ஒரு ஜப்பான் சிப்பாய். ஆட்கள் குதித்து ஓடிவிடுவார்கள் என்று அவனுக்குச் சந்தேகம். மேடு தொடங்கியதும், "டெக்காட்! டெக்காட்!" என்று கத்தினான். மலாயில் கிட்டே போ என்கிறான்.

"துவான், புக்கிட், பாஹாயா லா!" ஐயா, மேடு, ஆபத்து என்று கெஞ்சினேன்.

கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விழுந்தது. காது அடைத்துப்போனது. முன்னால் செல்லம்மாவின் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. கிட்டே போனால் அவளுக்கு ஆபத்து, போகாவிட்டால் எனக்கு அடி.

கரி லாரியில் காற்றுக்கு ஒரு கைப்பிடி உண்டு. அதை அதிகமாகத் திறந்தால் வாயு மெலிந்து வேகம் குறையும். ஆக்சிலேட்டரை அவன் கண் முன்னாலேயே முழுசாக மிதித்துக்கொண்டு, காற்றுப் பிடியை இடது கையால் மெல்லத் தள்ளினேன். கொஞ்சம் மிஞ்சினால் என் லாரியே நின்றுவிடும். உள்ளங்கை வியர்வையில் பிடி வழுக்கியது.

"எஞ்சின் சாக்கிட், துவான்," என்று எஞ்சினுக்கு நோய் கண்டுவிட்டதாகப் புலம்பினேன். அவன் டிரம்மைப் பார்த்துத் திட்டினான்.

அப்போதுதான் காதர் அண்ணன் லாரி நின்றது. நின்று, பின்னால் உருளத் தொடங்கியது.

"கட்டை! கட்டைய வைடா!" என்று அவர் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது. நான் பிரேக்கை அழுத்தி, கைப்பிரேக்கையும் இழுத்தேன். என் கெலிண்டான் எங்கள் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டான். அவர்களுடைய கெலிண்டான் வைத்த முதல் கட்டை வழுக்கிவிட்டது. இரண்டாவது கட்டையில்தான் லாரி நின்றது. செல்லம்மாவின் காலுக்கும் என் பானெட்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். சிப்பாய் இறங்கிப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்தான்.

நான் ஓடினேன். அவள் என்மேல் பாய்ந்தாள்.

"ஏங்க, அவ்ளோ தள்ளியா வர்றது? எங்க கொண்டு போறானுங்கன்னே தெரியல. உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே போலாம்னுதான் இந்த ஓரத்துல உக்காந்தேன்."

அழுதுவிட்டேன்.

அன்று முன் வண்டியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் அறை வாங்கியும் இடம் விட்டேன். அதற்குப் பிறகு எந்த வண்டிக்குப் பின்னால் போனாலும், அவள் அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்தே ஓட்டினேன்.