பழப்பையில் வைத்த பாஸ்போர்ட்

காலை பத்து இருபதுக்கு, கைலாசகோனை அருவிக்கரையில் ஒரு குரங்கு என் பையைப் பிடுங்கிக்கொண்டு மரமேறியது. உள்ளே தேங்காய்மூடி, வாழைப்பழம், மகளின் பாஸ்போர்ட். நான்கே நாளில் அவள் ஜெர்மனிக்கு விமானம் ஏற வேண்டும்.

போவதற்குமுன் நம்மூர் அருவியில் ஆசைதீரக் குளிக்க வேண்டும் என்று கேட்டது அவள். வழியில் நாராயணவனம் கோயிலில் பாஸ்போர்ட்டைப் பெருமாள் பாதத்தில் வைத்து வாங்கி, அர்ச்சனைப் பையிலேயே போட்டுக்கொண்டது நான்.

"பழத்தோட யாராச்சும் பாஸ்போர்ட்ட வெப்பாங்களா நைனா?" அருவிக்கடியில் நின்றபடி கேட்டாள். "மரத்துக்கு மரம் தாவவா போற? வா, நனைஞ்சிக்கினே யோசிக்கலாம்."

கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். குளிர்ந்த தண்ணீர் தலையில் கொட்டியதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்துவிட்டேன்.

அரைமணி கழித்து, அங்கே கொய்யா விற்கும் அம்மா பாஸ்போர்ட்டோடு வந்தார். அட்டையில் வாழைப்பழம் அப்பியிருந்தது.

"பழத்தத் துன்னுட்டு இத்த என் கூடையாண்ட போட்டுட்டுப் போச்சு. பாப்பா நல்லா ஆடிக்கினு கீது. உங்க மூஞ்சிதான் வெளுத்துப் போய்க் கீது. வெளிநாடு போறது நீங்களா சார்?"